மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்ப்பது யார் வேலை?

சேடபட்டிப் பக்கம் எங்கள் ஊர். சென்ற ஆண்டு ஒரு காலையில் அம்மாவுக்கு வாய் லேசாகக் கோணியது. இடது கையில் பிடித்திருந்த தம்ளர் நழுவி விழுந்தது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஆறு நாள் வைத்திருந்து நல்லபடியாகவே பார்த்தார்கள், கையும் திரும்பியது. வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு மஞ்சப்பை நிறைய மாத்திரை, கூடவே நான்கு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை.

மூன்று வாரத்தில் அம்மாவுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. உட்கார்ந்து எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. வயசாகிவிட்டது, வெயில் வேறு, உப்பைக் குறைக்கச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். மாதம் ஒருமுறை வீடு தேடிவந்து பிரஷர், சுகர் மாத்திரை தருகிற தன்னார்வலர் பெண் அந்த வாரம் வந்தார். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, மகளிர் குழுவில் இருப்பவர். திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் மிஷினை எடுத்தவர் அம்மாவின் காலைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"என்ன பெரியம்மா, மெட்டி இப்படிச் சதையில புதைஞ்சு கெடக்கு? போன மாசம் இப்படி இல்லையே!"

பிறகு அவர் செய்த காரியம்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் கொண்டுவரச் சொல்லி ஒரு சொளகில் கொட்டினார். அரசு மாத்திரை, மருத்துவமனை மாத்திரை, அலமாரியில் கிடந்த பழைய அட்டை எல்லாம் ஒன்றாக. அவருக்கு மருந்துப் பெயர்களை முழுதாகப் படித்துச் சொல்ல வராது. ஆனால் பிரஷர் மாத்திரை ஏற்கெனவே தன்னிடம் வாங்குகிறவருக்கு இத்தனை அட்டை ஏன் என்ற சந்தேகம் வந்தது. கிராம சுகாதார செவிலியருக்குப் போன் போட்டார். அங்கன்வாடிக்கு வந்திருந்த நர்ஸம்மா மதியம் எங்கள் வீட்டுக்கு வந்து, அட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பொடி எழுத்தைப் படித்தார். தன்னார்வலர் கொடுத்தது அம்லோடிபின் என்ற பிரஷர் மருந்து. மருத்துவமனை எழுதிக்கொடுத்ததில் கம்பெனிப் பெயர் வேறு, அட்டை நிறம் வேறு, உள்ளே இருந்ததோ அதே அம்லோடிபின். அம்மா இரண்டையும் தினமும் விழுங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா பார்த்தபோது பிரஷர் 100-க்கு 60. ஒன்றை நிறுத்தினார். இரண்டு வாரத்தில் கால் வற்றியது.

கால் வீங்குவது அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவுதான், அளவு கூடினால் இன்னும் கூடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணர் தேவைப்படவில்லை. போன மாதம் கால் எப்படி இருந்தது என்று தெரிந்த ஒருவர், பொடி எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர், மருந்தை நிறுத்தும் அதிகாரம் உள்ள ஒருவர் என மூன்று பேர் தேவைப்பட்டார்கள். மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அம்மா ஒருநாள் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டிருப்பார். நாமும் வயசுதான் காரணம் என்று சொல்லியிருப்போம்.

சுகாதாரத் துறையில் 'குழுவாகச் செயல்படும் ஆரம்ப சுகாதாரம்' என்று பேசுவது இதைத்தான். எனக்கு உறுத்துவது வேறொரு விஷயம். அந்த மூன்று பேரும் அன்று ஒன்றுசேர்ந்தது ஒரு தன்னார்வலரின் நல்ல மனத்தால். சொளகில் கொட்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் அதைச் செய்யாமல் போயிருந்தாலும் ஏன் என்று கேட்க யாரும் இல்லை.

பழைய யோசனை, நம் பக்கத்து யோசனை

மருத்துவர் ஒருவரே ஊரைக் காப்பாற்ற முடியாது என்பது நேற்று வந்த ஞானம் அல்ல. நாட்டின் சுகாதாரத்தை ஆராய்ந்து 1946-இல் அறிக்கை தந்த, ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழுவில் நம் ஊர் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியாரும் உறுப்பினர். 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், அதில் இரண்டு மருத்துவர்கள் என்று அந்தக் குழு குறுகிய காலத் திட்டத்தில் எழுதியது. அந்த இரண்டு மருத்துவர்களைச் சுற்றி அது யாரையெல்லாம் வைத்தது என்பதைப் பாருங்கள்: நான்கு பொது சுகாதாரச் செவிலியர், நான்கு மருத்துவச்சிகள், பயிற்சி பெற்ற நான்கு தாதிகள், இரண்டு சுகாதார ஆய்வாளர்கள், இரண்டு உதவியாளர்கள், ஒரு மருந்தாளுநர். மருத்துவமனைக்குள் உட்கார்ந்திருப்பவர்களைவிட ஊருக்குள் நடப்பவர்களே அதிகம்.

அறிக்கை வெளியான அடுத்த ஆண்டே, அப்போது மதுரை மாவட்டமாக இருந்த பகுதியில் ஒருவர் இதைக் கையால் செய்து பார்க்கத் தொடங்கினார். டி.வி.எஸ். குடும்பத்தில் பிறந்து, இளம் வயதில் கணவரை இழந்து, பிறகு மருத்துவம் படித்த சௌந்தரம் ராமச்சந்திரன். 1947-இல் சின்னாளபட்டிப் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார். தாய்சேய் மருத்துவத்தையும் கிராமப் பெண்களுக்கான சேவிகா பயிற்சியையும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்களாக அவர் பார்த்தார். படித்த டாக்டர் கிராமத்துக்கு வருவதற்காகக் காத்திருப்பதைவிட, கிராமத்துப் பெண்ணையே பயிற்றுவிப்பது விரைவான வழி என்பது அவர் கண்ட உண்மை. கிராம சுகாதாரத்துக்கென ஒரு தனிப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம் 1964-இல் அங்கே உருவாயிற்று. இன்றும் இருக்கிறது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-இல்தான் என்பதால், இதை மதுரையின் சொந்தக் கதை என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

இன்னொரு பழைய பாடம் சென்னையிலிருந்து. 1956-இல் அங்கே தொடங்கிய காசநோய் வேதிசிகிச்சை மையம் ஒரு துணிச்சலான சோதனையைச் செய்தது. நோயாளிகளில் ஒரு பாதியை நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைக்கும் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில், வைத்தார்கள். மறு பாதி தங்கள் நெரிசலான வீட்டிலேயே இருந்து, வேலைக்கும் போய்க்கொண்டு, அதே மாத்திரையைச் சாப்பிட்டது. ஓராண்டு முடிவில் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் முடிவுகள் வெளியாகி, உலகம் முழுக்கச் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வருவதற்கு இது ஒரு பெரிய காரணமாயிற்று. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மாத்திரையின் வெற்றியாகவே சொல்கிறார்கள். வீட்டுக்கு வீடு போய், மாத்திரையை எண்ணிப் பார்த்து, வராதவரைத் தேடிப் பிடித்த களப்பணியாளர்களின் வெற்றியும் அதில் பாதி.

பிரசவத்தில் நாம் சாதித்தது

குழுவாக வேலை செய்யத் தமிழ்நாட்டுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு விஷயத்தில் நாம் அதை மிக நன்றாகச் செய்திருக்கிறோம். அது பிரசவம்.

எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால், அவள் மாமியாருக்குச் சொல்வதற்கு முன்பே நர்ஸம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று பேச்சு உண்டு. பிக்மி எண் எனப்படும் கர்ப்பப் பதிவு எண் விழுகிறது. பிரசவத் தேதி பதிவேட்டில் ஏறுகிறது. செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை. ரத்தம் குறைவா, பிரஷர் கூடுகிறதா, முந்தையது சிசேரியனா என்று பார்த்துத் தனியே குறித்துவைக்கிறார்கள். எங்கே பிரசவம், 108 வர எவ்வளவு நேரம் ஆகும், தாய்வீடு போகிறாளா, போனால் அந்த ஊர் செவிலியர் யார் என்பது வரை கேட்டு எழுதுகிறார்கள். குழந்தை பிறந்தபின் புதன்கிழமைத் தடுப்பூசிக்கு அதே சங்கிலி நீள்கிறது. 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இன்று 18,000 ரூபாய் மதிப்புக்கு வளர்ந்திருக்கிறது. அது இந்தக் கட்டங்களோடு பின்னப்பட்டிருப்பதால் குடும்பமும் சங்கிலியைப் பிடித்துக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தாய் இறந்தால் விசாரணை உண்டு. எந்த வீட்டிலிருந்து எந்த வாகனத்தில் எத்தனை மணிக்குக் கிளம்பினாள், எந்த இடத்தில் எவ்வளவு நேரம் போயிற்று என்று கேட்கிறார்கள்.

இதன் பலன் கணக்கில் தெரிகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனையில் நடந்தவை. 2018-20 காலத்தில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு நாட்டில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. அதிலும் இன்னும் குறைக்க வேண்டியது நிறைய இருக்கிறது என்பது வேறு.

இந்தச் சங்கிலியின் உயிர் எங்கே இருக்கிறது? ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பதில் சொல்ல வேண்டிய ஓர் ஆள் இருக்கிறார். அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். கர்ப்பிணி வராவிட்டால் அது அவள் பிரச்சினை என்று யாரும் விட்டுவிடுவதில்லை. 'ஏன் வரலை, போய்ப் பாத்தீங்களா' என்ற கேள்வி செவிலியரிடம் வருகிறது, அவருக்கு மேலே இருப்பவரிடமும் வருகிறது.

என் அம்மாவின் வயதுக்காரர்களுக்கு அப்படி ஒரு கேள்வி யாரிடமும் வருவதில்லை. பக்கவாதத்தில் விழுந்தவருக்கு, முந்தைய ஆறு மாதம் பிரஷர் மாத்திரை போய்ச் சேர்ந்ததா என்று எந்த விசாரணையும் இல்லை. இந்தப் பகுதியின் சுகாதாரத்தில் இன்றைக்கு மிகப் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் துணிபு.

எழுபது பேரும் ஆயிரத்து நூறு பேரும்

இது யாருடைய சோம்பலும் இல்லை. கணக்கு அப்படி. சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது விதி. மாநிலத்தின் பிறப்பு விகிதம் 2020-இல் ஆயிரத்துக்குச் சுமார் 14. ஆக ஒரு கிராம சுகாதார செவிலியரின் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 70 பிரசவம். 70 பேரை ஒருவர் பெயர் சொல்லி நினைவில் வைத்திருக்க முடியும்.

இனி அதே 5,000 பேரில் பிரஷர், சுகர் உள்ளவர்களைப் பாருங்கள். தொற்றாநோய்களை அளக்க 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பில் 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பு, 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். 5,000 பேரில் அந்த வயதுக்காரர்கள் ஏறத்தாழ 3,400 என்று வைத்தால், பிரஷர் உள்ளவர்கள் 1,100-க்கு மேல், சுகர் உள்ளவர்கள் 600 பேர். இரண்டும் உள்ளவர்கள் இதில் கலந்திருப்பார்கள். 70 வயதைத் தாண்டியவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை. பிரசவம் பத்து மாதத்தில் முடிந்துவிடும், சுகர் சாகும்வரை கூட வரும். 70 பேருக்காகக் கட்டிய சங்கிலியில் 1,100 பேரைத் தொங்கவிட்டால் அது அறுந்துதான் போகும்.

அதே கணக்கெடுப்பில் என்னைத் தூங்கவிடாத எண் வேறு இரண்டு. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்குத்தான். சர்க்கரையில் 10.8 சதவீதம். நூறு பேரில் ஏறத்தாழ தொண்ணூறு பேர் சிறுநீரகத்தையோ கண்ணையோ மூளை நரம்பையோ மெல்ல மெல்ல இழக்கும் அபாயத்தில் இருந்தார்கள் என்று அர்த்தம்.

இதற்கு விடையாக அரசு கொண்டுவந்த திட்டம் 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பிரஷர், சுகர் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு இயன்முறை மருத்துவர், வலிநிவாரணச் செவிலியர் வருகிறார்கள். 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. அடுத்த சுற்று ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் கட்டுக்குள் இருப்பவர்கள் இரண்டு நோயிலும் 17 சதவீதத்தை ஒட்டி உயர்ந்திருக்கிறார்கள். பிரஷரில் இது இரண்டு மடங்குக்கும் மேல். நல்ல விஷயத்தை நல்லது என்றே சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் நான்கு கிழவிகள் இப்போது மாத்திரைக்காக உசிலம்பட்டி பஸ்ஸுக்குக் காத்திருப்பதில்லை. ஒரு நாள் நூறு நாள் வேலைக் கூலியை அதற்காக இழப்பதுமில்லை.

ஆனாலும் நூற்றுக்கு 83 பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள்.

அறுந்துபோகும் இடங்கள்

தகவல் மேலே போகும் பாதை இருக்கிறது, கீழே வரும் பாதை இல்லை. துணை சுகாதார நிலையத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், அங்கிருந்து உசிலம்பட்டிக்கோ மதுரைக்கோ நோயாளியை அனுப்பச் சீட்டு உண்டு. மதுரையில் என்ன செய்தார்கள், எந்த மாத்திரையை மாற்றினார்கள், எப்போது திரும்பப் பார்க்க வேண்டும் என்பது ஊர்ச் செவிலியருக்கு வந்துசேர, நான் பார்த்தவரை, எந்த ஏற்பாடும் இல்லை. தனியார் மருத்துவமனை என்றால் அப்படி ஒரு செவிலியர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் மூளை ஸ்கேனைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. 'ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறார்' என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்கள். எங்களைக் கேட்டிருந்தால் நாங்களே சொல்லியிருப்போம். நாங்களாகச் சொல்லவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

அடுத்தது பதிவேடுகள். 1973-இல் கர்தார் சிங் குழு ஒரு நல்ல காரியம் செய்தது. மலேரியாவுக்கு ஒருவர், அம்மைக்கு ஒருவர், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒருவர் என்று தனித்தனியாக வந்துகொண்டிருந்த பணியாளர்களை ஒன்றாக்கிப் பல்நோக்குப் பணியாளர் என்று மாற்றச் சொன்னது. இன்றைக்குப் பணியாளர் ஒருவராக இருந்தாலும் செயலிகள் பிரிந்துவிட்டன. கர்ப்பிணிக்கு ஒன்று, தடுப்பூசிக்கு ஒன்று, காசநோய்க்கு ஒன்று, தொற்றாநோய்க்கு ஒன்று. களத்தில் நடக்க வேண்டிய செவிலியர் மாலையில் செல்போனில் எண்களை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். செவிலியர் சங்கங்கள் இதற்காகப் பலமுறை போராடியிருக்கின்றன. அவர்கள் கேட்பது நியாயம். ஒரே வீட்டில் கர்ப்பிணி மருமகளும் சுகர் மாமியாரும் இருமுகிற மாமனாரும் இருந்தால், அவர்கள் ஒரே பக்கத்தில் தெரிய வேண்டும். நம்முடைய பதிவுகளில் அவர்கள் மூன்று தனி உலகங்களில் இருக்கிறார்கள்.

ஆம்பளைகள் யார் கண்ணிலும் படுவதில்லை. செவிலியர் பெண், தன்னார்வலரும் பெண், வருவது பகலில். கொத்தனார், லாரி டிரைவர், திருப்பூர் போய் வருகிறவர் யாரும் அந்த நேரத்தில் வீட்டில் இல்லை. அவர் பிரஷரை முதல்முதலில் பார்ப்பது பல நேரம் 108 வண்டிக்குள். சுகாதார ஆய்வாளர்கள் குழுவில் இருக்கிறார்கள். டெங்கு கொசுப்புழு, குடிநீர்க் குளோரின், கடைச் சோதனை என்று அவர்களுக்கும் கழுத்துவரை வேலை. ஆனால் காலை ஆறு மணிக்கு டீக்கடை பெஞ்சில், சாயங்காலம் ஊர் மந்தையில் ஆம்பளைகளோடு சகஜமாக உட்கார்ந்து கையில் பிரஷர் பட்டையைச் சுற்றக்கூடியவர் குழுவில் அவர்தான். மாதம் இரண்டு நாள் அதற்கென்றே அவருக்கு ஒதுக்கினால், வீட்டுத் திண்ணையில் கிடைக்காத ஆட்கள் அங்கே கிடைப்பார்கள்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள் பலர் இளையவர்கள். இரண்டு மூன்று ஆண்டில் மேற்படிப்புக்குப் போகிறார்கள், போகத்தான் வேண்டும். அதனால் ஊரின் ஞாபகம் யாரிடம் இருக்கிறது? பத்து, பதினைந்து ஆண்டாக அதே பாதையில் நடக்கிற செவிலியரிடம். புதிதாக வந்த டாக்டர் அவரைத் தனக்குக் கீழே இருப்பவராக மட்டும் பார்த்தால் அந்த ஞாபகம் வீணாகிறது. செவிலியர் பணியிடம் காலியாகி, பக்கத்துப் பகுதிக்காரர் 'கூடுதல் பொறுப்பு' பார்க்கும் ஊரில் அதுவும் கிடையாது.

கண்ணுக்குச் செய்ததை உடம்புக்குச் செய்யலாமா?

மதுரையில் இருந்துகொண்டு இந்தப் பேச்சில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1976-இல் பணி ஓய்வுக்குப் பின் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. அங்கே அறுவை செய்கிற டாக்டரைச் சுற்றி, கிராமங்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்து வந்து இரண்டாண்டு பயிற்சி பெற்ற பெண்கள் பலர் நிற்கிறார்கள். பார்வை சோதிப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, அறுவைக்குத் தயார் செய்வது, பிறகு சொட்டு மருந்தை விளக்குவது எல்லாம் அவர்கள் கையில். டாக்டர் மட்டுமே செய்யக்கூடியதை டாக்டர் செய்கிறார். 2000-களின் நடுவிலிருந்து சிற்றூர்களில் பார்வை மையங்களும் வந்தன. அங்கே டாக்டர் இல்லை, பயிற்சி பெற்ற பெண் இருக்கிறார். அவர் சோதித்து அனுப்புவதைப் பெரிய மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் திரையில் பார்த்து, நோயாளியோடும் பேசி, அப்போதே முடிவைச் சொல்கிறார்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, முடிவு அப்போதே கீழே வந்துசேர்வதை. கண்ணாடி போதுமா, மதுரைக்கு வர வேண்டுமா என்பது அந்த அறையை விட்டு வெளியே வருமுன் நோயாளிக்கும் தெரியும், அந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஆனால் அப்படியே பெயர்த்து வைக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். கண்புரை ஒரு நாள் வேலை, எடுத்தால் முடிந்தது. சுகர் என்பது நாற்பது ஆண்டு வேலை. அங்கே வேகம் முக்கியம், இங்கே விடாமல் கூட நிற்பது. ஓர் இடத்தில் இரண்டும் சந்திக்கின்றன: சுகர் உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும். பார்வை மங்கத் தொடங்கியபின் போனால் பெரும்பாலும் தாமதம். எங்கள் ஊரில் 600 சுகர்க்காரர்கள் என்றால் அதில் எத்தனை பேர் இந்த ஆண்டு போனார்கள் என்ற பட்டியல் செவிலியர் கையில் இருக்க வேண்டும்.

நகரத்துக் கதை கொஞ்சம் வேறு. 2023 ஜூனில் மாநிலம் முழுவதும் ஒரே நாளில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறந்தன. மருத்துவர், செவிலியர், சுகாதார ஆய்வாளர், உதவியாளர் என நான்கு பேர். காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை. அந்த மாலை நேரம்தான் அதன் பெரிய பலம், கூலி போகாமல் காட்டிக்கொள்ளலாம். பலவீனம், மதுரை மாநகராட்சியின் நூறு வார்டுகளிலும் வாடகைக் குடும்பங்கள் வீடு மாறிக்கொண்டே இருப்பது. செல்லூரில் பதிந்த பெயர் ஆறு மாதத்தில் அவனியாபுரத்தில் இருக்கும். ஆளோடு சேர்ந்து பதிவும் நகர வேண்டும்.

பிரேசிலில் 1994 முதல் நடக்கும் குடும்ப நலக் குழுக்களை உலகமே பாடமாகப் பார்க்கிறது. ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், அதே தெருக்களில் வாழும் சமூகப் பணியாளர்கள் சிலர். இந்த மூன்று நான்காயிரம் பேர் இந்தக் குழுவின் பொறுப்பு என்று எல்லை கட்டியிருக்கிறார்கள். சமூகப் பணியாளர் முறையான ஊழியர். நம் தன்னார்வலர்கள் வாங்குவது ஊக்கத்தொகை. 'தன்னார்வலர்' என்று பெயர் வைத்துவிட்டு முழுநேர வேலை வாங்குவது சரியில்லை. என் அம்மாவைக் காப்பாற்றியவருக்கு நாளைக்கே ஜவுளிக்கடையில் ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் அவர் போய்விடுவார். போனால், அந்தக் கால் போன மாதம் எப்படி இருந்தது என்று தெரிந்தவர் ஊரில் யாரும் இருக்கமாட்டார்.

தோப்பூரில் எய்ம்ஸ் எப்போது முழுதாக எழும்பும் என்று 2019-இல் அடிக்கல் நாட்டிய நாளிலிருந்து மதுரையில் பேசாத டீக்கடை இல்லை. பேச வேண்டியதுதான், அது நம் உரிமை. அதே டீக்கடையில், நம் துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா என்றும் ஒருவர் கேட்க வேண்டும். எய்ம்ஸுக்குப் போக வேண்டி வராமல் பார்த்துக்கொள்பவர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

பெரிய பணம் கேட்காத காரியங்களும் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதக் கூட்டம் இப்போதும் நடக்கிறது. அதில் பேசுவது இலக்கும் சதவீதமும். முதல் அரை மணி நேரத்தைப் பத்து ஆட்களுக்கு ஒதுக்கினால் என்ன? மாத்திரையை நிறுத்தியவர், மதுரையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வந்தவர், மூன்று மாதமாகப் பிரஷர் இறங்காதவர். பெயர் சொல்லி, தன்னார்வலரும் மருந்தாளுநரும் டாக்டரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டும். ஒவ்வொருவருக்கும் யார் போகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டு எழ வேண்டும். மருத்துவமனைகள் டிஸ்சார்ஜ் தாளின் கடைசியில் தமிழில் ஆறு வரி எழுதட்டும்: புதிதாக என்ன மாத்திரை, பழையதில் எதை நிறுத்த வேண்டும், எந்த நாளில் யாரைப் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகி வந்த ஒரு வாரத்துக்குள் வீட்டுக்குப் போய் மாத்திரை முழுவதையும் கொட்டிப் பார்ப்பது இன்னாரின் வேலை என்று எழுத்தில் வரட்டும். பக்கவாதத்தில் விழுந்த ஒவ்வொருவருக்கும், தாய் மரணத்துக்குச் செய்வதுபோல, யாரையும் தண்டிக்காத ஒரு விசாரணை நடக்கட்டும். எந்த மாதத்தில், யார் கையிலிருந்து இவர் நழுவினார்?

போன மாதம் தன்னார்வலர் வந்தபோது நான் ஊரில் இருந்தேன். அவர் கேட்கும் முன்பே அம்மா சொளகை எடுத்துவந்து பையைக் கொட்டினார். அதில் புதிதாக ஓர் அட்டை கிடந்தது, பாதி தீர்ந்திருந்தது. மூட்டுவலிக்கு உசிலம்பட்டி மெடிக்கலில் வாங்கியதாம். வலி மாத்திரைதானே, அதைப் போய்ச் சொல்லுவானேன் என்று அம்மா இருந்திருக்கிறார். தன்னார்வலர் அட்டையைத் திருப்பிப் போன் கேமராவில் படம் எடுத்து நர்ஸம்மாவுக்கு அனுப்பினார். நான் போட்ட காப்பி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அது பிரஷரையும் ஏத்தும், கிட்னியையும் கெடுக்கும். நிப்பாட்டச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை டாக்டர் இருக்காங்க, பெரியம்மாவ அங்கிட்டுக் கூட்டிட்டு வந்துருங்க. ஆமா, கண்ணு காட்டச் சொன்னேனே, காட்டிட்டாங்களா?"

அம்மா என்னைப் பார்த்தார். கூட்டிப்போக வேண்டியவன் நான். இன்னும் போகவில்லை.